கிளச் கேபிள் அறுந்தால்: திருகோணமலை மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள், இடது கையால் கிளச் லீவரைப் பிடித்துக் கியர் மாற்றும் சாதாரண 100 முதல் 200 சீசீ வரையான மோட்டார் சைக்கிள்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டர்களுக்கும், கியர் இருந்தும் கிளச் லீவர் இல்லாத கப் வகை வண்டிகளுக்கும் இந்தக் கேபிளே கிடையாது என்பதால் அவற்றை வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை.

கேபிள் அறுந்தால் வண்டிக்கு உண்மையில் என்ன நடக்கிறது?

கிளச் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருப்பவை எஞ்சினுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள். கேபிளின் வேலை, நாம் லீவரை இழுக்கும் நேரத்தில் மட்டும் அந்த அழுத்தத்தைத் தளர்த்தித் தட்டுகளைப் பிரிப்பது. ஆகவே கேபிள் அறுந்தால் எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போகாமல் நின்றுவிடுவதில்லை. அதற்கு மாறாக, சக்தி போய்க்கொண்டே இருக்கும், அதைத் துண்டிக்கும் வழிதான் இல்லாமற் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி தொடர்ந்து ஓடும். நின்ற வண்டியைக் கியரில் கிளப்புவதும், கியரில் ஓடும் வண்டியை எஞ்சின் அணையாமல் நிறுத்துவதும்தான் சிக்கலாகின்றன. கீழே வரும் பதில்களில் பல இந்த ஒரு விடயத்திலிருந்து பிறப்பவை.

கேபிள்தான் அறுந்தது என்று எப்படி உறுதிப்படுத்துவது?

லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தளர்ந்து கிடந்தால் கேபிள் அறுந்திருக்க வேண்டும், அல்லது எஞ்சின் பக்கத்தில் கேபிளின் கீழ் முனை கொளுவியிருக்கும் சிறு நெம்பான கிளச் கையிலிருந்து கழன்றிருக்க வேண்டும். பெரும்பாலான இந்தியத் தயாரிப்பு வண்டிகளில் அந்தக் கை எஞ்சினின் வலப்புறத்தில் இருக்கும். குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். கழன்றது மட்டுமென்றால் கொளுவிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம், ஆனால் அது ஏன் கழன்றது என்பதையும் பார்க்க வேண்டும். சரிசெய்யும் நட் தளர்ந்து போயிருப்பதே வழக்கமான காரணம். லீவரில் வழமையான இறுக்கம் இருந்தும் கியர் விழவில்லை என்றால் குற்றம் கேபிளில் இல்லை. அது கிளச் தட்டுகளையோ உள்ளே தள்ளும் பகுதியையோ சேர்ந்தது, அதற்குக் கராஜ்தான் போக வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அவசரப்பட்டு எதையும் செய்யாமலிருப்பதே முதல் வேலை. வண்டி கட்டுப்பாட்டை இழக்கவில்லை. பிரேக்குகள் இரண்டும் முன்போலவே வேலை செய்கின்றன. அக்சிலேட்டரை மெல்லக் குறைத்து, சமிக்ஞை காட்டி, இடது ஓரத்துக்கு வந்து, வேகம் நடை வேகத்துக்கு இறங்கும் முன்பாக நியூட்ரலுக்கு மாற்ற முயலுங்கள். நியூட்ரல் அகப்படாவிட்டால் கவலைப்பட வேண்டாம். பிரேக்கைப் பிடித்து நிறுத்துங்கள். எஞ்சின் ஒரு குலுக்கலோடு அணையும், அவ்வளவுதான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், எஞ்சின் அணைந்துவிடுமே என்ற தயக்கத்தில் உருண்டுகொண்டே போவதுதான் ஆபத்து. எஞ்சின் அணைவதால் யாருக்கும் காயம் ஏற்படுவதில்லை.

கிளச் இல்லாமல் வீடு வரை ஓட்டிச் செல்லலாமா?

இந்தக் கேள்விக்குக் கிலோமீற்றரைக் கொண்டு பதில் சொல்ல முடியாது. வழியில் எத்தனை இடங்களில் நிற்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். நிலாவெளியிலிருந்து உப்புவெளி வரையான கடற்கரைப் பாதை சமதரையானது. வாகன நெருக்கம் குறைந்த வேளையில் மூன்றாம் கியரிலேயே அந்தத் தூரத்தைக் கடந்துவிடலாம். ஆனால் அதைவிடப் பல மடங்கு குறுகிய தூரமான, பஸ் நிலையத்தைச் சுற்றிப் பிரதான வீதி வழியாகச் செல்லும் நகரப் பகுதி, முச்சக்கரவண்டிகளும் பாதசாரிகளும் கட்டாக்காலி மாடுகளும் நிறைந்தது. அங்கே சிறிது தூரத்துக்கு ஒரு முறை நிற்க நேரும், ஒவ்வொரு முறையும் புதிதாகப் புறப்பட வேண்டும். பிரெட்ரிக் கோட்டையை அண்டிய வீதிகளில் புள்ளிமான்கள் முன்னறிவிப்பின்றி இறங்கி வரும் என்பதும் இந்த ஊரவர்களுக்குப் புதிதல்ல.

ஆகையால் எனது ஆலோசனை இதுதான்: வடக்கிலிருந்து, அதாவது குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்திலிருந்து வருபவர் வேறு வழியில்லாதபோது நகரின் விளிம்பு வரை ஓட்டி வந்து, அங்கே முதலில் அகப்படும் கராஜில் நிறுத்திவிடலாம். கிண்ணியாப் பக்கத்திலிருந்து வருபவர் 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான பாலத்தின் மீது ஏறும் முன்பாகவே வேகத்தையும் கியரையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். பாலத்தின் நடுவில் எஞ்சின் அணைந்தால் ஒதுங்கி நின்று ஆறுதலாகப் புறப்பட இடம் போதாது. நகருக்குள் இருப்பவர் ஓட்டவே வேண்டாம், நியூட்ரலில் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, அதிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கிளச் இல்லாத வண்டியை எந்த வீதியிலும் ஓட்டக் கூடாது.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் மாலையில் அகப்பட்டவர்களின் நிலை வேறு. அந்த வீதியில் இருள் சூழும் வேளையில் யானைகள் குறுக்கிடுவதுண்டு. அங்கே நின்று திருத்தவோ தள்ளிக்கொண்டு நடக்கவோ முற்படாமல், வரும் லொறியையோ பட்டா வாகனத்தையோ மறித்து மோட்டார் சைக்கிளை ஏற்றிவிடுவதே புத்தி.

நின்ற இடத்திலிருந்து எப்படிப் புறப்படுவது?

நியூட்ரலில் எஞ்சினை இயக்கிச் சற்றுச் சூடேற விடுங்கள். ஐட்லிங் வேகம் இறங்கி அமைதியாக இருக்க வேண்டும். பின்னர் வண்டியின் மீது அமர்ந்தபடி இரு கால்களாலும் தரையை உந்தி, விரைந்து நடப்பவரின் வேகத்துக்கு வண்டியை உருளச் செய்து, உருண்டுகொண்டிருக்கும்போதே முதலாம் கியரை உறுதியாக அழுத்த வேண்டும். ஒரு துள்ளல் வரும். அந்தக் கணத்தில் அக்சிலேட்டரைச் சிறிது கொடுத்தால் எஞ்சின் அணையாமல் பிடித்துக்கொள்ளும். முன்னால் குறைந்தது ஒரு பஸ்ஸின் நீளமாவது வெறுமையாக இருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். இறக்கம் இருந்தால் வேலை மிக இலகு. ஏற்றத்தில் தனியாக முயல்வது வீண். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் அகப்பட்டவர் வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டிக் கிளப்பிக்கொண்டு வேறு பாதையால் சுற்றிப் போவதுதான் வழி.

வழமையாகத் தள்ளி ஸ்டார்ட் செய்வதுபோல் எஞ்சினை அணைத்து இரண்டாம் கியரில் போட்டுத் தள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தள்ளத் தொடங்கிய முதல் அடியிலிருந்தே எஞ்சினின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும் என்பதால், இருவர் சேர்ந்தாலன்றி அது நடவாது.

கியரில் இருக்கும்போதே செல்ப் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் என்ன?

இங்கேதான் கவனம் மிகவும் தேவை. பல வண்டிகளில் நியூட்ரலில் இருந்தாலோ கிளச் லீவரைப் பிடித்தாலோ மட்டுமே செல்ப் ஸ்டார்ட் வேலை செய்யும்படி ஒரு சுவிட்ச் அமைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சுவிட்ச் இருப்பது லீவரின் அடியில். கேபிள் அறுந்திருந்தாலும் லீவரைப் பிடித்தவுடன் அது, கிளச் பிரிந்துவிட்டதாக எண்ணிச் செல்ப் ஸ்டார்ட்டுக்கு அனுமதி கொடுத்துவிடும். கிளச்சோ பிரியவில்லை. எனவே பொத்தானை அழுத்திய கணத்தில் வண்டி முன்னே பாயும். கேபிள் அறுந்தது தெரியாமல், அணைந்த எஞ்சினைக் கியரிலேயே மீண்டும் கிளப்ப முயல்பவர் முன்னால் நிற்கும் வாகனத்தில் மோதுவது இப்படித்தான். நியூட்ரல் விளக்கு எரிவதைப் பார்த்த பின்னரே பொத்தானைத் தொடுங்கள்.

இதையே தெரிந்து ஒரு உபாயமாகப் பயன்படுத்துவோரும் உள்ளனர். வேலை செய்யும் என்பது உண்மை. எனினும் வண்டியின் முழு எடையையும் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்க வேண்டியிருப்பதால் அதற்கும் பற்றரிக்கும் அது பெருஞ்சுமை. சந்தியின் நடுவில் அகப்பட்டு, முன்னால் எவரும் இல்லாத நிலையில், வண்டியை அப்புறப்படுத்த ஒரு முறை செய்வதற்கு மேல் நான் அதை ஏற்பதில்லை.

ஓடும்போது கியரை எப்படி மாற்றுவது?

மேல் கியருக்குப் போவது கடினமல்ல. கால் நுனியால் கியர் பெடலில் மெல்லிய அழுத்தத்தை முன்கூட்டியே கொடுத்து வைத்துக்கொண்டு, அக்சிலேட்டரை ஒரு கணம் விரைவாக மூடித் திறந்தால், எஞ்சின் சக்கரத்தை இழுக்காமலும் சக்கரம் எஞ்சினை இழுக்காமலும் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் கியர் தானாக வழுக்கி விழும். கீழ்க் கியருக்கு வரும்போது வேகத்தை நன்றாகக் குறைத்த பின், அக்சிலேட்டரைச் சிறிது உயர்த்தும் அதே கணத்தில் பெடலை மாற்ற வேண்டும். பலவந்தம் செய்யக் கூடாது. விழாத கியரை உதைத்து விழுத்துவதைவிட, இருக்கும் கியரிலேயே மெதுவாகப் போவது மேல்.

நிற்கும்போது நியூட்ரலைக் கண்டுபிடிப்பது வண்டியின் கியர் ஒழுங்கைப் பொறுத்தது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நியூட்ரல் உள்ள வண்டிகளில், இரண்டாம் கியரில் மெதுவாக உருளும்போதே பெடலை அரைவாசி அழுத்தி எடுத்துவிட வேண்டும். வண்டி நின்ற பிறகு அது எளிதில் அகப்படாது. எல்லாக் கியர்களும் ஒரே திசையில் விழும் நான்கு கியர் வண்டிகளில் முதலாம் கியரையும் தாண்டி நியூட்ரலுக்கு வர வேண்டியிருக்கும் என்பதால் இன்னும் சற்று முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

இப்படி ஓட்டினால் கியர்பெட்டி பழுதாகுமா?

ஒரு பயணத்துக்கு ஆகாது. பழக்கமாக்கினால் கியர்களின் பற்களும் அவற்றை நகர்த்தும் கவைகளும் தேயும். அறுந்த கேபிளோடு வாரக்கணக்கில் வேலைக்குப் போய்வருபவர்கள், மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பல மடங்கைப் பின்னர் எஞ்சின் பிரிப்பதற்குச் செலவிடுகிறார்கள்.

வழியில் தற்காலிகமாகத் திருத்த முடியுமா?

அறுந்த இடத்தைப் பொறுத்தது. கம்பியின் முனையில் லீவரின் துளைக்குள் பொருந்தும் சிறு உலோகக் குமிழ் மட்டும் கழன்று, கம்பி போதிய நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், குறுக்கே திருகாணி பூட்டிப் பிடிக்கும் சிறு உலோக உருளையொன்றைக் கம்பியில் கோத்து இறுக்கி, புதிய குமிழாகப் பயன்படுத்தலாம். சைக்கிள் திருத்தும் கடைகளில் இவ்வகை உருளைகள் கிடைக்கும். கம்பி குட்டையாகிவிட்டது என்றால் இரு முனைகளிலும் உள்ள சரிசெய்யும் திருகுகளை முழுமையாக உள்ளே திருகிவிட்டால் சிறிது நீளம் மிஞ்சும். திருகாணியை இறுக்கும்போது கம்பியின் இழைகளை நசுக்கி அறுத்துவிடாமல் கவனிக்க வேண்டும்.

சைக்கிள் பிரேக்கின் உள்கம்பியைக் கோத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அது மோட்டார் சைக்கிள் கம்பியைவிட மெல்லியது. கிளச் ஸ்பிரிங்கின் இழுவையை நெடுநேரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. கராஜ் வரை போவதற்கு மட்டும் என்ற எண்ணத்தோடு பயன்படுத்தினால் குற்றமில்லை.

எஞ்சின் பக்கத்திலுள்ள கிளச் கையை ஓடும்போது குனிந்து கையால் இழுக்க முயல்வதை எவரும் செய்யக் கூடாது. சுடு எஞ்சினும் பார்வை வீதியை விட்டு விலகுவதும் சேர்ந்தால் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அறுந்த கம்பியை ஈயம் ஊற்றி ஒட்டலாமா?

நடுவில் அறுந்ததை ஒட்ட முடியாது, உறைக்குள் வழுக்காது. முனைக் குமிழை ஈயம் ஊற்றிப் பொருத்தலாம், கைதேர்ந்தவர்கள் செய்கிறார்கள். ஆனால் முனையில் அறுந்த கம்பியின் மற்ற இழைகளும் களைத்துப்போயிருக்கும் என்பதால் புதிய கேபிள் கிடைக்கும் ஊரில் இந்த வேலை தேவையற்றது.

புதிய கேபிள் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிகளிலும் ஆண்டுக்கு ஆண்டு கேபிளின் நீளமும் முனைகளின் வடிவமும் மாறியிருக்கும். கடைக்காரரிடம் பெயரை மட்டும் சொல்லி வாங்கி வந்து பொருந்தாமல் திரும்பிப் போவது வழமை. இரண்டையும் பக்கத்தில் வைத்து உறையின் நீளம், வெளியே நீளும் உள்கம்பியின் நீளம், இரு குமிழ்கள், திருகு முனை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பின்னர் புதியதை ஒரு வளையமாக வளைத்துப் பிடித்து உள்கம்பியை இழுத்துப் பாருங்கள். தடங்கலின்றி வழுக்க வேண்டும். மலிவான கேபிள்களில் உறை மென்மையாக இருப்பதால் லீவரை இழுக்கும்போது உறையே சுருங்கி, இழுவையின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். கம்பி அறாமலே கிளச் சரியாகப் பிரியாத நிலை வரும். கேபிளில் நான் மலிவைப் பார்ப்பதில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் கடைகளுக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பூட்டியிருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

நானே மாற்றிக்கொள்ளலாமா?

சாதாரண ஸ்பெனர்களும் ஒரு குறடும் இருந்தால் மாற்றலாம். கழற்றும் முன்பாகப் பழைய கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் சரிசெய்யும் நட்டுகளைத் தளர்த்தி, லீவரிலும் அதன் தாங்கியிலும் திருகிலும் உள்ள வெட்டுகளை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தால் கம்பி பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். எஞ்சின் பக்கத்தைக் கொளுவிலிருந்து எடுத்த பின், பழைய கேபிளின் மேல் முனையில் ஒரு நூலைக் கட்டிக் கீழ்ப்பக்கமாக உருவினால், நூல் அதே பாதையில் தங்கிவிடும். அந்த நூலில் புதிய கேபிளைக் கட்டி மேலே இழுத்தால் வழி தவறாது. கூரான வளைவுகள் இருக்கக் கூடாது, சைலன்சர் குழாயிலும் படக் கூடாது. பூட்டி முடித்ததும் எஞ்சினை நியூட்ரலில் இயக்கி, ஹாண்டிலை இடம் வலமாக முழுமையாகத் திருப்பிப் பாருங்கள். லீவரின் இறுக்கம் மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் வீதிக்குப் போகக் கூடாது.

லீவரில் எவ்வளவு தளர்வு இருக்க வேண்டும்?

உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரியானது. சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் அது லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை இருக்கும். தளர்வே இல்லாமல் இறுக்கினால் கிளச் எப்போதும் சிறிது பிரிந்த நிலையில் இருந்து, தட்டுகள் வழுக்கிச் சூடேறிக் கருகும். தளர்வு கூடினால் கிளச் முழுமையாகப் பிரியாது; கியர் கடகடக்கும், நியூட்ரல் அகப்படாது. புதிய கேபிள் முதற் சில நாட்களில் சற்று இளகும் என்பதால் ஒரு முறை திரும்பவும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் லீவர் பக்கத்திலேயே அறுகிறதே, ஏன்?

லீவரில் உள்ள துளைக்குள் குமிழ் சுழல வேண்டும். லீவரை இழுக்கும்போது கம்பியின் கோணம் மாறுகிறது. குமிழ் சுழன்றால் கம்பி நேராகவே இருக்கும். கிரீஸ் காய்ந்து, புழுதி ஏறி, துரு பிடித்துக் குமிழ் இறுகிவிட்டால், ஒவ்வொரு இழுப்பிலும் குமிழை ஒட்டிய அந்தச் சிறு இடத்திலேயே கம்பி மடிந்து நிமிர்கிறது. இழைகள் ஒவ்வொன்றாக அங்கே அறுகின்றன. கம்பி முழுவதும் நல்லதாக இருக்க, முனையில் மட்டும் அறுவதன் காரணம் இதுதான். எனவே புதிய கேபிளை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. துளையைத் துடைத்து, குமிழுக்குக் கிரீஸ் பூசி, லீவரின் நடு ஆணியும் துளையும் தேய்ந்திருந்தால் லீவரையும் மாற்ற வேண்டும். மெக்கானிக்குகளிற் பலர் கேபிளை மாட்டும் அவசரத்தில் இந்த ஒரு துளி கிரீஸை மறந்துவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

அறுவதற்கு முன் அடையாளம் தெரியுமா?

தெரியும். முழுக் கம்பியும் ஒரே நேரத்தில் அறுவது அரிது. லீவர் நாளுக்கு நாள் கடினமாவது, விட்டவுடன் விரைந்து திரும்பாதது, சரிசெய்த தளர்வு சில நாட்களிலேயே மீண்டும் கூடுவது ஆகியன அறிகுறிகள். லீவரை முழுமையாக இழுத்துப் பிடித்துக் குமிழின் பக்கத்தைப் பாருங்கள். முள்போல ஒரு இழை வெளியே நீட்டியிருந்தாலும் அந்தக் கேபிளின் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கடற்கரையில் இருப்பதால் கேபிள் விரைவில் பழுதாகிறதா?

ஆம். உப்புக் காற்று படும் உருக்குக் கம்பி விரைவாகத் துருப்பிடிக்கும், நிலாவெளி உப்பளங்களை அண்டி வசிப்பவர்களுக்கும் வாடிகளுக்கு வண்டியில் போய்வரும் மீனவர்களுக்கும் இது நன்கு தெரியும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் லீவர் பக்கத்து வாயால் இறங்கும் நீர் உறையின் கீழ் வளைவில் தங்கி, உள்ளிருந்தே அரிக்கிறது. அந்த வாயை மூடும் இறப்பர் தொப்பி பல வண்டிகளில் கிழிந்தோ காணாமலோ போயிருக்கும். அதன் விலை அற்பம், அதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மணலில் ஓடிவந்த நாளில் நன்னீரால் கழுவி உலர விடுங்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீரைக் கேபிளின் வாய்க்கு நேராகப் பிடிக்க வேண்டாம்.

ஒயில் விடுவது எப்படி?

மேல் முனையைக் கழற்றி, சிறு பொலித்தீன் பையின் மூலையை வெட்டி உறையைச் சுற்றிக் கட்டி, அதில் மெல்லிய ஒயிலை ஊற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால், கம்பியை இழுத்து விடும்போது மெதுவாக உள்ளே இறங்கும். கீழ் முனையால் சுத்தமான ஒயில் சொட்டும்வரை விடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் குழாய் பதித்த கேபிள்களுக்குத் தடித்த கிரீஸ் ஆகாது, அது புழுதியைப் பிடித்து வைக்கும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறையும் முடிந்த பின் ஒரு முறையும் செய்தால் போதும்.

மேலதிகக் கேபிள் ஒன்றை வண்டியில் வைத்திருக்க வேண்டுமா?

புல்மோட்டை, வெருகல் போன்ற தூர இடங்களுக்கு அடிக்கடி போய்வருபவர்கள் வைத்திருக்கலாம். பெட்டிக்குள் சுருட்டி வைப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. புதிய கேபிளை, ஓடும் கேபிளின் பக்கத்திலேயே அதே பாதையில் கிடத்தி, இரு முனைகளையும் பொலித்தீனால் சுற்றி நீர் புகாமல் கட்டி, ஆங்காங்கே பட்டியால் இணைத்துவிட வேண்டும். பழையது அறும் நாளில் பெற்றோல் தாங்கியைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை. இரு முனைகளையும் கொளுவித் தளர்வைச் சரிசெய்தால் வீதியோரத்திலேயே வேலை முடிந்துவிடும். அப்படிக் கட்டும் கேபிள் ஹாண்டில் திரும்பும்போது இழுபடாமலும் முன்சக்கரத்தின் பக்கம் தொங்காமலும் இருக்கிறதா என்பதை மட்டும் கட்டிய அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.